அடிச்சுரத்தில் நிற்கும் நான்

ஒரு கலைஞர் ‘இது என் சொந்தப் படைப்பு, இதில் இருப்பவன் நானேதான்’ என்று சொன்னால் அதை எப்படிப் புரிந்துகொள்வது? கவிஞர் தனியே உட்கார்ந்து எழுதுகிறார். ஓவியர் தன் கையால் தீட்டுகிறார். அவர்கள் அப்படிச் சொன்னால் நாம் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. ஆனால் ஜாஸ் இசையில் டபுள் பேஸ் வாசிக்கும் ஒருவர், மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, தன் மனசை இசைத்தட்டில் பதிக்கிறேன் என்று கிளம்பும்போது விசாரிக்காமல் இருக்க முடியாது. அவர் கையில் இருப்பது மேடையிலேயே மிகத் தாழ்ந்த குரல். மெட்டை முன்னே எடுத்துச் செல்கிறவர் டிரம்பட்காரரோ சாக்ஸபோன்காரரோதான். அவர்கள் வாசிப்பதில் பெரும்பகுதி அந்த நிமிடத்தில் அவர்களுக்கே தோன்றுவது. தலைவர் எழுதிக் கொடுத்ததில்லை. அப்படியானால் அட்டையில் பெயர் அச்சாகியிருக்கும் அந்த ஒருவர் தட்டுக்குள் எங்கே இருக்கிறார்? மேலோட்டமாகப் பார்த்தால் இது இசை விமர்சகர்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். கொஞ்சம் தோண்டினால், சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக மல்லுக்கட்டிவரும் கேள்வி தட்டுப்படுகிறது. ‘நான்’ என்பது உள்ளே ஏற்கெனவே முழுதாக இருந்து, பிறகு வெளியே காட்டப்படுகிற ஒன்றா? இல்லை, பிறரைக் கூப்பிட்டு, அவர்கள் பதில் சொல்லும்போதுதான் அது உருவாகிறதா? இரண்டாவதே சரி என்று நினைக்கிறேன். அதற்கு நான் சான்றாக அழைப்பவர் சார்லஸ் மிங்கஸ்.

மிங்கஸ் 1922இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய நொகாலெஸ் ஊரில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். முதலில் டிராம்போன், பிறகு செல்லோ, அதற்குப் பிறகுதான் பேஸ். அவருடைய பதிவுகளில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். 1960 அக்டோபர் 20ஆம் தேதி நியூயார்க்கின் நோலா பென்ட்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு பேர் கூடினார்கள். பேஸ் மிங்கஸ், ஆல்டோ சாக்ஸபோனும் பேஸ் கிளாரினெட்டும் எரிக் டால்ஃபி, டிரம்பட் டெட் கர்சன், டிரம்ஸ் டேனி ரிச்மண்ட். பியானோ கிடையாது. கேண்டிட் நிறுவனத்துக்காகத் தயாரித்தவர் நாட் ஹென்டாஃப். அந்த ஆண்டு முழுக்க கிரீன்விச் வில்லேஜில் ஷோபிளேஸ் என்ற கிளப்பில் வாசித்துப் பழகிய குழு அது. தட்டுக்கு வைத்த பெயர் ‘சார்லஸ் மிங்கஸ் பிரசன்ட்ஸ் சார்லஸ் மிங்கஸ்’. மிங்கஸ், மிங்கஸை அவையின் முன் நிறுத்துகிறார். நிறுத்துகிறவர் ஒருவர், நிறுத்தப்படுகிறவர் ஒருவர்; இரண்டு பேருக்கும் ஒரே பெயர். கூடத்தில் ரசிகர்கள் யாரும் இல்லை. ஆனாலும் மிங்கஸ் ஒலிவாங்கியில் பேசுகிறார். எதிரே ஒரு கூட்டம் உட்கார்ந்திருப்பதுபோல, கைதட்ட வேண்டாம், குடிப்பதைக்கூட நிறுத்திவையுங்கள், கல்லாப்பெட்டி மணி அடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறார். இதை வெறும் வித்தையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைக் காட்ட முனைகிற மனிதருக்குத் தன்னைக் கேட்கிற ஒருவர் எதிரில் வேண்டியிருக்கிறது. நிஜத்தில் இல்லாவிட்டால் கற்பனையிலாவது அவரை உட்காரவைத்துக்கொள்கிறார். ‘நான் இன்னார்’ என்ற பேச்சு தொடங்குவதற்கு முன்பே ‘நீங்கள்’ வந்துவிடுகிறது.

பேஸ் என்ன வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்; வாதத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. நம் காதுக்குத் தம்புரா பழக்கம். அது ஒரே சுருதியில் நிற்கும், அதன்மேல் மற்றவர்கள் நடப்பார்கள். ஜாஸ் பேஸ் நிற்பதில்லை, நடக்கிறது. ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு சுரம் என்று அடியெடுத்து வைத்துக்கொண்டே போகிறது. மேலே வாசிப்பவரின் சுரம் என்ன பொருள் தருகிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த அடி. ஸி, ஈ, ஜி என்ற மூன்று சுரங்களை எடுத்துக்கொள்வோம். பேஸ் அடியில் ஸி வாசித்தால் அவை தெளிந்த, வெயில் அடிப்பது போன்ற மேஜர் கார்டு. பேஸ் அங்கிருந்து ஏவுக்கு இறங்கினால் அதே மூன்றும் நொடியில் மைனர் செவன்த் ஆகி, முகம் வாடிவிடுகின்றன. மேலே வாசித்தவர் ஒரு விரலைக்கூட நகர்த்தவில்லை. அவர் சொன்னது மாறவில்லை. அதன் அர்த்தம் மாறிவிட்டது. பியானோவும் இருந்தால் இந்த அதிகாரம் பங்கு போடப்படும். மிங்கஸின் நால்வர் குழுவில் பியானோ இல்லாததால் முழுப் பொறுப்பும் அவருடைய நான்கு கம்பிகளின் மேல் விழுகிறது. இவ்வளவு செய்தும் கேட்கிறவர்களின் கவனத்தில் அது பதிவதில்லை. 1953 மே 15 அன்று டொரண்டோவின் மாசி ஹாலில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், மாக்ஸ் ரோச் ஆகியோரோடு மிங்கஸ் வாசித்த கச்சேரி ஜாஸ் வரலாற்றில் பேர்போனது. அதன் பதிவில் பேஸ் சரியாகக் கேட்கவில்லை. தானும் ரோச்சும் சேர்ந்து நடத்திய டெப்யூட் நிறுவனத்தில் அதை வெளியிடுவதற்கு முன், மிங்கஸ் ஸ்டூடியோவில் உட்கார்ந்து தன் பகுதியை மேலே மறுபடி வாசித்துச் சேர்த்தார். தற்பெருமை என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு நியாயமான கோரிக்கையாகப் படுகிறது. எல்லோருடைய சுரத்துக்கும் பொருள் கொடுத்தவர், தானும் அங்கே இருந்தேன் என்று பதிவாக வேண்டும் என்கிறார்.

பேஸ்காரரின் இந்த நிலை ‘நான்’ பற்றி ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. தனியே ஏவை மீட்டினால் அது மைனருமில்லை, மேஜருமில்லை. மேலே யாராவது ஏதாவது வாசிக்க வேண்டும். மேலே வாசிப்பவருக்கும் அடியில் ஒருவர் வேண்டும். இருவரில் யாரிடமும் அந்த அர்த்தம் முன்கூட்டியே இருந்ததில்லை, இடையில்தான் பிறந்தது. 1960 தட்டின் முதல் உருப்படியான ‘ஃபோக் ஃபார்ம்ஸ் நம்பர் ஒன்’ இதைக் காதாலேயே கேட்கவைக்கிறது. மிங்கஸ் தனியாகத் தொடங்குகிறார். எளிய, கிராமத்துப் பாட்டின் சாயல் கொண்ட ஒரு ப்ளூஸ் துணுக்கு. அதைத் திருப்பிப் போட்டு, இழுத்து, நடுவில் ஒரு அடியை விழுங்கிப் பார்க்கிறார். ரிச்மண்ட் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறார். பிறகு இரண்டு ஊதுகருவிகளும் சேர்கின்றன. அதன்பின் யார் எப்போது வெளியேறுவார், யார் எப்போது நுழைவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூவர் இருவராகிறார்கள், ஒருவர் மட்டும் மிஞ்சுகிறார், மறுபடி நால்வரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். ஒருவர் முன்னே போக மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுகிற வழக்கமான அடுக்கு இங்கே குலைந்துவிடுகிறது. பதின்மூன்று நிமிடம் ஓடும் இந்த உருப்படியில் மிங்கஸின் துணுக்கு மற்ற மூவர் வாயிலும் புகுந்து புறப்படுகிறது. கடைசியில் அவர் வாசிப்பது, தொடங்கியபோது அவர் கையில் இருந்த துணுக்கே என்று சொல்ல முடியாது. அவர்களிடம் போய்த் திரும்பியது அது. அதுதான் அவருடையது என்று தயங்காமல் சொல்கிறோம். அந்தத் தயக்கமின்மைக்கு என்ன ஆதாரம் என்பதே என் கேள்வி.

அதே தட்டில் ‘வாட் லவ்?’ என்ற உருப்படி இன்னும் ஒரு படி மேலே போகிறது. டால்ஃபி குழுவை விட்டு விலகப்போகிற நேரம் அது. உருப்படியின் பின்பகுதியில் டிரம்ஸ் ஒதுங்கி, பேஸும் பேஸ் கிளாரினெட்டும் எதிரெதிரே நிற்கின்றன. தாளம் கரைந்துபோய், மனிதர்கள் பேசும் ஏற்ற இறக்கம் வந்துவிடுகிறது. பேஸ் அதட்டுகிறது, கிளாரினெட் சமாதானம் சொல்வதுபோல் நீட்டி முழக்குகிறது, பேஸ் பாதியில் வெட்டுகிறது, கிளாரினெட் கிறீச்சிட்டுக் கோபப்படுகிறது, அப்புறம் இருவரும் குரல் தாழ்கிறார்கள். டால்ஃபி போவதைப் பற்றிய சண்டையே அது என்று அக்காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வருகிறது. அந்தக் கதை தெரியாதவருக்கும் இரண்டு பேர் ஏதோ ஒரு விஷயத்துக்காக வாதாடுகிறார்கள் என்பது விளங்கும். இங்கே மிங்கஸின் கோபமும் பிரிவுத்துயரும் எங்கே இருக்கின்றன? அவர் கம்பிகளில் மட்டும் இருப்பதாகச் சொன்னால், கிளாரினெட்டை நீக்கிவிட்டுப் பேஸை மட்டும் கேட்டுப் பாருங்கள். பாதி வாக்கியங்கள் தொங்கும். கோபம் என்பது ஒருவர் உள்ளே கொதித்துக்கொண்டிருந்து மூடி திறந்ததும் பொங்கிய நீராவியாக இங்கே கேட்பதில்லை. டால்ஃபி சொல்லும் ஒவ்வொரு பதிலும் அதன் போக்கை மாற்றுகிறது. எதன்மேல் கோபம் என்பதே அந்தப் பேச்சில்தான் மிங்கஸுக்குத் தெளிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மிக அந்தரங்கமான உணர்ச்சி என்று நாம் நினைப்பது, எதிராளியின் மூச்சை நம்பி உருவெடுக்கிறது.

மிங்கஸுக்கு இந்த வழி எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் இல்லை. சிறுவயதில் அவருடைய சிற்றன்னை அவரைப் பெந்தெகொஸ்தே வகைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். 1959இல் பதிவான ‘புளூஸ் அண்ட் ரூட்ஸ்’ தட்டின் ‘வெட்னஸ்டே நைட் பிரேயர் மீட்டிங்’ அந்தச் சபையின் நினைவே. அத்தகைய சபைகளில் ஒருவர் எழுந்து தன் வாழ்க்கையில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்வார். அவர் ஒரு வாக்கியம் சொன்னதும் சபை ஆமென் என்கிறது, கைதட்டுகிறது, சொல் சொல் என்று தூண்டுகிறது. அந்தத் தூண்டுதலில் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார். தான் மீட்கப்பட்டவன் என்பதை அவர் வீட்டிலேயே தெரிந்துவைத்துக்கொண்டு இங்கே வந்து ஒப்பிக்கிறார் என்றால் அந்தச் சபையை நாம் புரிந்துகொள்ளவில்லை. சபையின் பதிலோடு சேர்ந்தே அவருடைய மீட்பு அவருக்கு உறுதியாகிறது. கடவுளின் முன் ஒவ்வோர் ஆன்மாவும் தனித்தே நிற்கிறது என்று சொல்லும் அதே சமயம்தான், தனியே நிற்பவனைச் சுற்றி இத்தனை குரல்களையும் வைத்திருக்கிறது. மிங்கஸ் தன் குழுவுக்குப் பாட்டை எழுதிக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, வாயால் பாடியும் பியானோவில் வாசித்தும் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் சட்டகத்தைக் காட்டி, சுரத்தை அவரவரே தேர்ந்துகொள்ள விட்டார். 1956இல் வந்த ‘பிதெகான்த்ரோபஸ் இரெக்டஸ்’ தட்டின் குறிப்பில் இதை அவரே விளக்கியிருக்கிறார். காகிதத்தைப் பார்த்து வாசிப்பவர் மிங்கஸுக்குப் பதில் சொல்வதில்லை, காகிதத்துக்குத்தான் பதில் சொல்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது சபை.

இதற்கு எதிராக மிகவும் கனமான வாதம் நம் நாட்டுத் தத்துவத்திலிருந்தே வருகிறது. அதை இங்கே கொண்டுவருவது வலிந்து செய்வதாகாது. மிங்கஸே அதன் வாசல்வரை வந்தவர். இளமையில் அவருக்கு வழிகாட்டியாயிருந்த ஓவியர் ஃபார்வெல் டெய்லர் இந்தியத் தத்துவங்களை அவருக்கு அறிமுகப்படுத்தினார். 1979 ஜனவரி 5 அன்று மெக்சிகோவின் குவெர்னவாகாவில் அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே மனைவி சூ மிங்கஸ் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து கங்கையில் கரைத்தார். வேதாந்தி என்ன சொல்வார்? நீ பேசும் ‘நான்’ வெறும் அகங்காரம். கோபப்படுவது, பதிலுக்கு ஏங்குவது, பிரிவுக்கு அழுவது எல்லாம் அதன் வேலை. அதற்குப் பின்னால், எதிலும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்று உண்டு. மெய்யான நான் அதுவே. அது யாருடைய ஆமெனுக்கும் காத்திருப்பதில்லை. முண்டக உபநிடதம் ஒரே மரத்தில் இரண்டு பறவைகளைக் காட்டுகிறது. ஒன்று கனியைத் தின்கிறது. மற்றது தின்னாமல் பார்த்திருக்கிறது. 1971இல் வெளிவந்த மிங்கஸின் தன்வரலாறான ‘பினீத் தி அண்டர்டாக்’ தொடங்குவதும் கிட்டத்தட்ட இந்த மரத்தடியிலேயே. தான் மூன்று ஆட்கள் என்கிறார் அவர். ஒருவன் நடுவில் நின்று மற்ற இருவரையும் கவனிப்பவன். இன்னொருவன் அடிபட்ட மிருகம்போல் அஞ்சி, தாக்கப்படுவதற்கு முன் தாக்குகிறவன். மூன்றாமவன் யாரையும் நம்பி, எதையும் கொடுத்து ஏமாறும் மென்மையானவன். நூல் முழுக்க அந்தக் கவனிப்பவனே கதை சொல்லி, மிங்கஸை ‘என் பையன்’ என்று படர்க்கையில் குறிப்பிட்டுப் போகிறான். வேதாந்தியின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்றே முதலில் படும்.

ஆனால் நடுவில் நிற்பவன் என்ன செய்கிறான் என்று கவனிக்க வேண்டும். அவன் சும்மா பார்த்திருப்பதில்லை. தான் கண்டதை அந்த இருவரிடமும் சொல்லத் தருணம் பார்த்துக் காத்திருக்கிறான். அந்த ஒரு விவரம் உபநிடதப் பறவையிலிருந்து அவனைப் பிரித்துவிடுகிறது. அதோடு, இந்த மூன்று ஆட்களின் கதையை அவன் மோட்டுவளையைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்கும் மனநல மருத்துவரிடம் சொல்கிறான். மிகவும் உள்ளே இருப்பதாகச் சொல்லப்பட்ட ஆள்கூட, கேட்க ஒருவர் இருக்கும்போதுதான் வாய் திறக்கிறான். வேதாந்தி விடமாட்டார்: சொல்ல விரும்புகிறானே, அப்படியானால் அவனும் அகங்காரத்தில் ஒரு மெல்லிய அடுக்குதான், இன்னும் உள்ளே போ என்பார். அப்படிப் போய்க்கொண்டே இருக்கலாம். போய்ச் சேருமிடத்தில் இருப்பதற்குக் குரல் கிடையாது, பெயர் கிடையாது, மிங்கஸுக்கும் டால்ஃபிக்கும் அதில் வேறுபாடும் கிடையாது. அது இருக்கலாம், இல்லை என்று வாதிட என்னிடம் சான்று இல்லை. ஆனால் ஒரு மனிதர் ‘இது என் சொந்தத் தட்டு’ என்று சொல்லும்போது அவர் சுட்டுவது அதை அல்ல. எல்லோரிடமும் ஒன்றேயாக இருப்பதை யாரும் தன் பெயர் போட்டு வெளியிட முடியாது. பேஸ் வாசிப்பதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கவனித்தலும் செய்தலும் இரண்டு பறவைகளாகப் பிரிந்து நிற்கத் தேவையில்லை என்பதே அது. நால்வரில் மிக அதிகமாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவர் பேஸ்காரர்; அதே நொடியில், கேட்டதற்கேற்ப அடுத்த சுரத்தை ஊன்ற வேண்டியவரும் அவரே. கையை நிறுத்திவிட்டுக் கேட்க அவருக்கு அவகாசமில்லை.

இன்னோர் ஆட்சேபம் நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. குழு, பதில், சபை என்கிறாயே, மிங்கஸ் சர்வாதிகாரி ஆயிற்றே என்பார்கள். இதை மழுப்பக் கூடாது. கச்சேரி நடுவே பாட்டை நிறுத்தி வாத்தியக்காரரைத் திட்டியிருக்கிறார். மேடையிலேயே ஆளை நீக்கியிருக்கிறார். 1962இல் நியூயார்க் டவுன் ஹால் கச்சேரிக்கான வேலையின்போது தன் டிராம்போன்காரர் ஜிம்மி நெப்பரின் வாயில் குத்தி, பல்லை உடைத்தார். உதடும் பல்லுமே டிராம்போன்காரரின் சோறு. நெப்பருக்கு மேல்ஸ்தாயியில் ஒரு பகுதி போயிற்று; வழக்கு நடந்தது; மிங்கஸுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அப்படிப்பட்டவர் தன் விருப்பத்தைப் பிறர் வழியாக நடத்திக்கொண்டவர். தட்டில் கேட்பது ஒரே ஒரு சித்தம், மற்றவர்கள் அதன் கருவிகள் என்று முடிவுகட்டலாமா? செயலுக்கு மன்னிப்பு கேட்பது என் வேலையில்லை. ஆனால் அந்த முடிவு, நடந்ததோடு பொருந்தவில்லை. கருவிதான் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்து வாசிக்கவைப்பது எளிது. மிங்கஸுக்கு அது நன்றாகவே தெரியும். அதை விட்டுவிட்டு, டால்ஃபியைப் போலத் தன்னை எதிர்த்து வாசிக்கும் திராணியுள்ளவர்களைத் தேடிப் பிடித்தார். சாக்ஸபோனை விட்டு டிரம்ஸுக்கு மாறிய ரிச்மண்டை வளர்த்தெடுத்து, இருபதாண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் தன்னோடே வைத்துக்கொண்டார். அவருடைய அடாவடிக்குக் காரணம் பிறர் வேண்டாம் என்பதாக இருந்திருந்தால் அது வேறு கதை. பிறர் இல்லாமல் முடியாது என்பதாலும், அவர்கள் பதில் தான் எதிர்பார்த்த ஆழத்தில் வராதபோது தாங்க முடியாததாலும் அவர் அடித்தார். இது குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. எந்த வாயின் பதிலால் தான் உருவானாரோ அந்த வாயின்மேலேயே அவர் கை வைத்தார்.

பிறரால் உருவாகிற ‘நான்’ என்றால் பொறுப்பு யாருக்கு என்று கேட்பவர்களுக்கும் இதில் விடை இருக்கிறது. 1957இல் ஆர்கன்சா ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ், லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் கறுப்பின மாணவர் ஒன்பது பேர் நுழையாதபடி தேசியக் காவல்படையை நிறுத்தினார். அவரைச் சாடி மிங்கஸ் இயற்றிய பாட்டு, 1959இல் கொலம்பியா நிறுவனத்தின் ‘மிங்கஸ் ஆ உம்’ தட்டில் சொற்கள் இல்லாமல் வந்தது. சொற்களோடு வெளியிட நிறுவனம் இடம் தரவில்லை என்பதே பரவலாகச் சொல்லப்படுவது. அடுத்த ஆண்டு கேண்டிட் பதிவில் சொற்கள் வந்தன. எப்படி வந்தன? மிங்கஸ் கேட்கிறார், ரிச்மண்ட் பெயர் சொல்கிறார். மிங்கஸ் ஏன் என்கிறார், ரிச்மண்ட் பதில் கொடுக்கிறார். சபையின் அதே முறை. ஆளுநரைப் பெயர் சொல்லிப் பழிப்பதன் விளைவு எதுவானாலும் அது மிங்கஸின் தலையில்தான் விழும். அந்தக் குற்றச்சாட்டு இருவர் வாயால் வந்ததால் அவர் பொறுப்பு பாதியாகவில்லை. கூப்பிட்டவர் பதிலுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கிறார்.

என் வாதத்துக்கு மிகக் கடினமான சான்றை மிங்கஸே விட்டுச் சென்றிருக்கிறார். 1963இல் இம்பல்ஸ் நிறுவனத்துக்காக அவர் தனியாகப் பியானோ முன் உட்கார்ந்து ஒரு தட்டைப் பதிந்தார். பேஸும் இல்லை, குழுவும் இல்லை. அதன் முதல் உருப்படிக்கு ‘மைசெல்ஃப் வென் ஐ ஆம் ரியல்’ என்று பெயரிட்டார். தான் மெய்யாக இருக்கும்போது தான் எப்படியோ, அது இதுவே என்று அறிவிக்கிறது அந்தப் பெயர். அப்போது கூட யாரும் இல்லை. என் பக்கம் சாய்கிறவர்கள் இதைப் பேசாமல் கடந்துவிடுவதை நான் ஒப்பமாட்டேன். அந்த உருப்படி நேர்மையானது, தடுமாறித் தடுமாறித் தேடுகிறது. அதில் ஒரு மனிதர் தன்னோடு தான் இருக்கிறார். அதற்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1972இல் வெளிவந்த ‘லெட் மை சில்ட்ரன் ஹியர் மியூசிக்’ தட்டில் அதே பியானோ மனோதர்மம் சுரம் பிரித்து எழுதப்பட்டு, ஒரு பெரிய குழுவுக்கான ‘அடாஜியோ மா நான் ட்ரோப்போ’ ஆகிவிட்டது. மெய்யான தான் என்று அவர் பெயரிட்டதை அப்படியே விட்டுவைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. பலர் கையில் கொடுத்துத் திரும்பக் கேட்க விரும்பினார். தனிமை அவருக்குப் பொய்யானது என்று இதிலிருந்து சொல்ல மாட்டேன். தனிமையில் தோன்றியது முடிந்த பொருளாக அவருக்குப் படவில்லை என்பதை மட்டும் சொல்வேன். அந்தப் பியானோவைக் கூர்ந்து கேட்டால் அங்கும் இடதுகை கேட்க வலதுகை பதில் சொல்கிறது. இருபது ஆண்டுகளாகப் பிறரோடு வாசித்த மனிதர் தனியே உட்காரும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டே உட்காருகிறார்.

சமயங்கள் இந்த இடத்தில் எழுப்பும் அச்சம் நியாயமானது. பிறரை நம்பி உருவாகிற ‘நான்’ பாதுகாப்பற்றது. டால்ஃபி 1960இல் விலகினார், 1964இல் மிங்கஸோடு ஐரோப்பா சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார், ஜூன் 29 அன்று பெர்லினில் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் மிங்கஸ் மேடையிலிருந்தே ஏறத்தாழ ஒதுங்கிப்போனார். பற்றறு, அப்போது இழப்பு தொடாது என்று சொல்லும் ஞானிகள் இதைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் 1977 இறுதியில் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய் இருப்பது தெரிந்து, கைகள் ஓய்ந்தபோது நடந்ததையும் பார்க்க வேண்டும். 1978 ஜனவரியில் ‘மீ, மைசெல்ஃப் ஆன் ஐ’ என்ற தட்டு பதிவானது. பெயரிலேயே மறுபடி மூன்று பேர். சக்கர நாற்காலியில் இருந்த மிங்கஸ் அதில் ஒரு சுரமும் வாசிக்கவில்லை. பேஸை வேறு ஆட்கள் வாசித்தார்கள். பாடகி ஜோனி மிட்செலுக்காக மெட்டுகளை டேப் ரெக்கார்டரில் வாயால் பாடிக் கொடுத்தார். தன் கையில்தான் தான் இருப்பதாக நம்பிய ஒருவருக்கு அந்த நோயோடு எல்லாம் முடிந்திருக்கும். முப்பது ஆண்டுகளாகப் பிறர் வாயில் தன்னைக் கேட்டுப் பழகியவருக்கு அப்படி முடியவில்லை. அவரால் இன்னும் கூப்பிட முடிந்தது. வந்த பதிலைக் கேட்டு, இதுவில்லை என்று சொல்ல முடிந்தது.

அப்படியானால் அவர் இறந்த பிறகும் அந்தப் பாட்டுகளை வாசித்துவரும் குழுக்களில் மிங்கஸ் இருக்கிறாரா? அவர் பல்லை உடைத்த நெப்பரே 1977இல் அவரோடு மீண்டும் வாசித்து, அவர் மறைவுக்குப் பின் ‘மிங்கஸ் டைனஸ்டி’ குழுவிலும் பங்கேற்றார்; பாட்டு நிற்கவில்லை. இருக்கிறார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. என் வாதம் அதற்கு இடம் தரவில்லை. கூப்பிடுவதும் பதில் சொல்வதும் இரண்டு பக்கமும் ஆள் இருந்து நடக்க வேண்டியவை. 1979க்குப் பிறகு அந்த மேடைகளில் தவறான சுரம் விழுந்தால் பாட்டை நிறுத்த அவர் இல்லை. டால்ஃபியின் நீட்டலை வெட்டிய அந்தப் பேஸ் அங்கே இல்லை. கங்கையில் கரைந்தவர் அழியாத ஒன்றில் சேர்ந்தார் என்று நம்புகிறவருக்கு என்னைவிட அதிக ஆறுதல் உண்டு. என்னிடம் இருப்பது 1960 அக்டோபரில் பதிந்த நான்கு உருப்படிகள். அவற்றில் மிங்கஸைக் கேட்க வேண்டுமென்றால் மற்ற மூவரையும் கேட்டே ஆக வேண்டும்.